முப்பதுகளில் வெளிநாட்டு வேலை: திரும்பும் ஆண்டிலிருந்து தொடங்கும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களைப் பற்றிய செய்திகள் நம் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. ஒவ்வொரு முறையும் ‘இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. அறிவுரையில் குறையில்லை. ஆனால் பாஸ்போர்ட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, ‘இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி’ என்று தக்கலையில் என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இளைஞர்கள் அல்லர். அவர்களுக்கு முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயது ஆகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே ஏதோ ஒரு வேலையும் இருக்கிறது. மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்து, வேலை முடித்து ஊருக்குத் திரும்பும் ஊழியர்களுக்குரிய கடைசித் தொகையைக் கணக்கிட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முப்பதுகளில் புறப்படுகிறவர் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்பு, எந்த ஆண்டில் திரும்பி வரப்போகிறார் என்பதைக் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். மற்றக் கணக்குகள் எல்லாம் அந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போடப்பட வேண்டியவை.

இந்த வயதில் இத்தனை பேர் நம் மாவட்டத்திலிருந்து புறப்படுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. படித்தவர்களுக்கு வேலை கொடுக்கும் பெருந்தொழில் எதுவும் இங்கே இல்லை. மலையோரத்தில் ரப்பர், கடலோரத்தில் மீன்பிடி, இடையே முந்திரி ஆலைகள், தனியார் பள்ளிகள், நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள் என்பதோடு முடிந்துவிடுகிறது. பட்டம் பெற்றவர் முதலில் அரசுத் தேர்வுகளை எழுதுகிறார். ஐந்தாறு ஆண்டுகள் அதில் போகின்றன. பிறகு சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ கிடைத்த வேலையில் சேர்கிறார், திருமணம் நடக்கிறது, வீட்டுக் கடனோ நகைக்கடனோ ஏறுகிறது. முப்பத்துமூன்றாம் வயதில் கணக்குப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பும் தொகை கண்ணில் படுகிறது. இருபத்திரண்டு வயதில் போகிறவருக்கு இழக்க எதுவும் இல்லை; முப்பத்துமூன்றில் போகிறவர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாழ்க்கையை நிறுத்திவிட்டுப் போகிறார். இரண்டையும் ஒரே அறிவுரையால் சமாளிக்க முடியாது.

முதலில் வயதைப் பற்றி. நிரந்தரக் குடியேற்றம் தரும் நாடுகள் வயதுக்கு வெளிப்படையாகவே மதிப்பெண் போடுகின்றன. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், மனைவியோடு அல்லது கணவரோடு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு 29 வயது வரை 100 புள்ளிகள். அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து புள்ளி குறைந்து 35 வயதில் 70, நாற்பதில் 45; அதற்குமேல் ஆண்டுக்குப் பத்துப் புள்ளி குறைந்து நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வயது வரை உள்ளவருக்கு 30 புள்ளிகள், 33 முதல் 39 வரை 25, நாற்பதிலிருந்து 44 வரை 15. புள்ளிக் கணக்கில் கொடுக்கப்படும் அந்த விசாக்களுக்கு 45 வயதோடு கதவு சாத்தப்படுகிறது. ஜெர்மனி 2024 ஜூன் மாதம் தொடங்கிய, வேலை தேடுவதற்கான ‘வாய்ப்பு அட்டை’ முறையில் ஆறு புள்ளிகள் வேண்டும். 35 வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு, அதைத் தாண்டி நாற்பது வரை ஒன்று. இந்த நாடுகளைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் அநேகமாக ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஆங்கிலத் தேர்வு எழுதவும், பட்டச் சான்றிதழை அந்நாட்டு அமைப்பிடம் மதிப்பிட்டு வாங்கவும், அனுபவச் சான்றுகளைப் பழைய முதலாளிகளிடம் தேடி அலையவும் ஓர் ஆண்டு எளிதாகக் கரைந்துவிடும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற அந்த ஆங்கிலத் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மிகவும் முன்கூட்டி எழுதியும் பயனில்லை. மொழிப் படிப்பை மட்டும் எவ்வளவு முன்னால் தொடங்கினாலும் வீண் போகாது. வயதில் இழந்த புள்ளிகளை மொழியில்தான் திரும்பப் பிடிக்க முடிகிறது. ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல் இடைநிலையை எட்டியவருக்கு அந்த வாய்ப்பு அட்டையில் மூன்று புள்ளிகள் கிடைக்கின்றன. 35 வயதைத் தாண்டியதால் குறைவது ஒன்றே ஒன்று.

வளைகுடா நாடுகளில் இந்தப் புள்ளிக் கணக்கு இல்லை என்பதால் வயது அங்கே பொருட்டில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்கள் தேவை என்ற விளம்பரங்களிலேயே வயது வரம்பு இருக்கிறது. அதைவிட முக்கியமானது மருத்துவப் பரிசோதனை. எப்போதோ காசநோய் வந்து முழுவதும் குணமானவருடைய நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பு தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஏஜென்டிடம் பணமும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

பணம் கட்டுவது பற்றி நாளிதழ்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற ஒரு முகவர், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், இரண்டும் சேர்ந்து 35,400. இந்தத் தொகையைச் சொன்னால் மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்பதுதான் அவர்கள் கேள்விப்பட்ட விலை. ‘விசாக் காசு’ என்று ஒன்று உண்டு, அதைக் கொடுக்காமல் எதுவும் நடக்காது என்பது நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டது. அதிலும் ‘ஃப்ரீ விசா’ என்று ஊரில் சொல்லப்படுவது மிகவும் ஆபத்தானது: கஃபீல் எனப்படும் ஓர் அந்நாட்டுப் பொறுப்பாளரின் பெயரில் விசா எடுத்துக்கொண்டு, வேறு யாரிடமோ வேலை செய்வது. அகாமா என்ற தங்கும் அனுமதி ஒருவர் பெயரில், வேலை இன்னொருவரிடம் என்றால், அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் அவர் ஓடிப்போன தொழிலாளி. சம்பளம் கிடைக்காவிட்டால் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. தனியாளாக இருபத்தைந்து வயதில் அந்த ஆபத்தில் இறங்குவது ஒரு விதம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, மனைவியின் நகையை அடகு வைத்து இறங்குவது வேறு. அதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன்.

படித்த மாவட்டம் என்ற பெருமைக்கு இந்த இடத்தில் ஒரு வினோதமான விலை இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவருடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி அரேபியா, குவைத், மலேசியா உள்ளிட்ட பட்டியலிலுள்ள நாடுகளுக்கு வேலைக்குப் போனால், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அவருடைய ஒப்பந்தம் ஏற்றப்பட வேண்டும். குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரி அனுமதி தர வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் என்ற சிறு தொகையில், விபத்தில் இறந்தால் பத்து லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். செவிலியர் நீங்கலாக, பட்டம் பெற்ற நம்மவருக்கோ இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. அவருடைய ஒப்பந்தத்தை அரசுத் தரப்பில் யாரும் பார்ப்பதில்லை. படித்தவர்களும் இ-மைக்ரேட்டில் பதிவு செய்தாக வேண்டும் என்று 2018 இறுதியில் மத்திய அரசு அறிவித்து, பின்னர் அதை நிறுத்தி வைத்துவிட்டது. ஆகவே படித்தவர் தமக்குத் தாமே பாதுகாவலராக இருக்க வேண்டியவராகிறார். முகவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பதை அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் கொடுக்குமுன் அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பட்டதாரிக்கு ஒரு சாக்கும் கிடையாது.

நம் கடலோரத்து மீனவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. வளைகுடாக் கடல்களில் படகுக்குப் போகிறவர்களில் முப்பது, நாற்பது வயதைக் கடந்தவர்கள் நிறையப் பேர். 2020ல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் ஈரானில் சிக்கிக்கொண்டவர்களில் நம் மாவட்டத்து மீனவர்கள் பலர் இருந்ததையும், கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அந்த ஆண்டு ஜூலை தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லவே இல்லை; அதனால் மேலே சொன்ன அனுமதியும் காப்பீடும் அங்கே போகிற மீனவருக்குக் கட்டாயமில்லை.

ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போது நம்மவர் மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார். நான் முதலில் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடிந்து திரும்பும்போது கொடுக்கப்படும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் என்ற விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. அந்த நாள் சம்பளம் அடிப்படைச் சம்பளத்தை முப்பதால் வகுத்து வருவது. மாதம் 3,000 திர்ஹாம் என்ற இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளம்; மற்றதில் 1,500 மட்டுமே அடிப்படை, மிச்சம் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி, இதரப்படி. பத்து ஆண்டுகள் வேலை பார்த்தால் இருவருக்கும் 255 நாள் சம்பளம் வரும்; முதலாமவருக்கு அது 25,500 திர்ஹாம், இரண்டாமவருக்கு 12,750. மாதந்தோறும் ஒரே தொகையை வாங்கிய இருவர், நாற்பத்தைந்து வயதில் திரும்பி வரும்போது ஒருவர் மற்றவருடைய தொகையில் பாதியோடு வருகிறார். வயதான ஊழியர்கள் கணக்குப் பிரிவின் மேசைக்கு முன் நின்று, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டதற்கு, அவர்கள் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட தாளைக் காட்டுவதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இருந்ததில்லை. ஓய்வூதியம் இல்லாத நாடுகளில் இந்த ஒரு தொகைதான் முதுமைக்கானது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்ற கேள்வி. முப்பதுகளில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆனாலும் ‘போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்’ என்று தள்ளிப்போடப்படுவதும் இதுதான். போன பிறகு முடிவு செய்ய அங்கே அதிகம் மிச்சமிருக்காது. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாமாவது, அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாமாவது சம்பளம் வேண்டும். சவூதி அரேபியாவில் 2017 முதல் உடன் வசிக்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதக் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுக்காண்டு உயர்ந்து 400 ரியாலில் நின்றது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால் அதற்கே போய்விடும். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே முடிந்தது. அதற்குப் பிறகும் ‘யு.கே. கேர் விசா’ என்று சொல்லிப் பணம் கேட்கும் ஆட்கள் உண்டு என்றால், அவர்களிடம் கேட்க ஒரு கேள்விகூட மிச்சமில்லை.

மனைவியை ஊரில் விட்டுப் போவது என்று முடிவானால், உண்மையில் இரண்டு பேர் புதிய வேலைக்குச் சேர்கிறார்கள். ரேஷன் கார்டு முதல் கொத்தனார் வரை, பிள்ளையின் பள்ளியிலிருந்து மாமனாரின் ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒருத்தியே பார்க்க வேண்டும். அவருடைய பெயரில் வங்கியில் எவ்வளவு இருக்கும், எந்தச் செலவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, எதற்குக் கணவரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பெட்டி கட்டுவதற்கு முன் பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. பல வீடுகளில் பணம் தகப்பனார் கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ போகிறது. மருமகள் மாதந்தோறும் கை நீட்டி வாங்குகிறார். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நான் யார் என்று கேட்பவர்கள் இருக்கலாம். பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்டு உடன்பிறந்தவர்கள் முன்சீப் கோர்ட் வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகு, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புறப்படுகிறவர் பெண்ணாக இருப்பதும் நம் மாவட்டத்தில் அரிதல்ல. மிஷன் மருத்துவமனைகளின் காலத்திலிருந்தே செவிலியர் பணி இங்குள்ள பெண்களுக்குப் பழக்கமானது. குடிபெயர்வு அனுமதிப் பட்டியலிலுள்ள நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்புவது 2015 முதல் அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1978ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய செவிலியருக்கு அனுபவம் பலம். ஆனால் இடையில் மகப்பேற்றுக்காகவும் பிள்ளை வளர்ப்புக்காகவும் வேலையை விட்டிருந்த ஆண்டுகள் விண்ணப்பத்தில் இடைவெளியாக நின்று இடைஞ்சல் செய்கின்றன. போக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர் அருகிலுள்ள மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்காவது பணியில் இருப்பது நல்லது. வீட்டில் இருக்கப்போகும் கணவர் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கப் பழகிக்கொள்வதும் திட்டமிடுதலின் ஒரு பகுதியே.

ஊரை விட்டுப் போகுமுன் இங்கே முடித்துவிட வேண்டிய காரியங்கள் உண்டு. அவற்றுள் மூன்று, கேட்கிறவர்களை எப்போதும் திடுக்கிட வைக்கின்றன. முதலாவது, வருங்கால வைப்பு நிதி. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். எட்டு ஆண்டு வேலை பார்த்தவர், டிக்கெட் செலவுக்காக அந்தப் பணத்தை எடுத்துவிட்டால், எட்டு ஆண்டும் போயிற்று. எடுக்காமல் அதற்கான திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால், திரும்பி வந்து இங்கே மீண்டும் வேலையில் சேரும்போது பழைய காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், அங்கே போகிறவர் அதன் பலனையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நிலம். நம் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிற எவரையும் கேளுங்கள், ‘நாலு காசு சேர்த்து ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டம் வாங்க வேண்டும்’ என்பார். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் வேலையில் இருந்து ‘என்.ஆர்.ஐ.’ ஆகிவிட்ட ஒருவர் இந்தியாவில் விவசாய நிலத்தையோ தோட்ட நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. குடியிருப்பு மனை வாங்கலாம், கடை வாங்கலாம். ஏற்கெனவே கையிலுள்ள நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதைப் பெறலாம். தோட்டம் வேண்டுமென்றால் போகுமுன் வாங்க வேண்டும், அல்லது திரும்பி வந்து வாங்க வேண்டும். இதை அறியாமல் அருமனை, குலசேகரம் பக்கம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இதோடு சேர்ந்ததுதான் வங்கிக் கணக்கும்: வேலைக்காக வெளிநாடு போனவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கினால் அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை.

மூன்றாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறோம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் தனியாக, அடுத்த கட்டம் காலியாக. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, வருகை விசாக்களில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது, மிகவும் அலைக்கழிந்தவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். மனைவி, பிள்ளைகள் பாஸ்போர்ட்டுகளிலும் பெயர்கள் ஒரே விதமாக இருக்கின்றனவா, திருமணப் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பார்த்துத் திருத்திவிட்டால், பின்னால் விடுமுறையை அலுவலக வரிசையில் கழிக்க வேண்டியிருக்காது.

இனி, தொடக்கத்தில் சொன்ன திரும்பும் ஆண்டுக்கு வருகிறேன். முப்பத்துநான்கு வயதில் போகிறவர் பத்து ஆண்டு கழித்து வந்தால் அவருக்கு நாற்பத்துநான்கு. போகும்போது ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்குப் பதினைந்து, பத்தாம் வகுப்பு. பெற்றோர் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர்கள், பத்து ஆண்டு வேண்டாம், ஆறு ஆண்டு போதும் என்று தாமாகவே குறைத்ததுண்டு. ஆண்டைக் குறித்தால் தொகையையும் குறிக்க வேண்டியிருக்கும். தொகையைக் குறித்தால் எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சு வரும். அங்கேதான் வீடு குறுக்கே வருகிறது. முதல் மூன்று ஆண்டுச் சம்பளத்தில் அஸ்திவாரம், அடுத்த மூன்றில் மாடி, அதற்கடுத்து மதிலும் கேட்டும் என்று, விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வெளிநாட்டுச் சம்பளம் சிமென்டாக இறுகிப்போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீடு கட்டுவது தவறு என்று சொல்லவில்லை. கட்டிய வீடு மாதந்தோறும் வருமானம் தருவதில்லை. திரும்பி வரும் ஆண்டைத் தள்ளிப்போட வைப்பதும் பெரும்பாலும் அதன் பாக்கி வேலைதான். முப்பதுகளில் போகிறவர் முதலில் கடனை அடைத்து, திரும்பி வந்தபின் சோறு போடப்போகும் ஒன்றைக் கட்டி எழுப்பிவிட்டு, பிறகு மாடியைப் பற்றி யோசிப்பதே முறை என்பது என் கருத்து. 2011ல் சவூதி அரேபியா உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், 2020ல் தொற்று வந்தபோதும், குறித்த ஆண்டு வருமுன்பே பலர் திரும்ப நேர்ந்தது. நாமாகத் தீர்மானிக்காவிட்டால் அந்த ஆண்டை வேறு யாரோ தீர்மானிப்பார்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து 45 இந்தியர்கள் உயிரிழந்தனர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். போகுமுன் ஒரு ஆயுள் காப்பீடு எடுத்து, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மனைவிக்குக் காட்டிவிட்டுப் போவது அபசகுனம் ஆகாது.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நிலைமை வேறாக இருக்கிறது. கேரளம் 1996லேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கென்று ‘நோர்க்கா’ என்ற தனித் துறையை ஏற்படுத்தியது; சான்றிதழ் சான்றளிப்பு முதல் திரும்பி வந்தவருக்குத் தொழில் கடன் வரை அதன் வழியே நடக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரே விமானத்தில் ஏறினாலும், எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரருக்குக் கிடைக்கிற வழிகாட்டுதல் இந்தப் பக்கத்துக் குழித்துறைக்காரருக்குக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டிலும் 2011ல் சட்டம் இயற்றப்பட்டு, அயலகத் தமிழர் நல வாரியம் இப்போது செயல்படுகிறது; ஜனவரி 12ஆம் நாள் அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. வரவேற்கிறேன். ஆனால் போகுமுன் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியவருக்குச் சென்னை வெகு தொலைவில் இருக்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது நாகர்கோவிலில் அமர்ந்து, முகவரின் உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் சரிபார்த்துச் சொல்லும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் கேட்டுப் பெற வேண்டும். கோணத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ, வேலைக்குப் போகிறவர்களும் வந்து படிக்கும்படி மாலை நேரத்தில் ஜெர்மன் மொழி வகுப்பு ஒன்றைத் தொடங்கினால், முப்பத்தைந்து வயதுக்காரர் வேலையை விடாமலேயே படிக்க முடியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வு விளம்பரங்கள் நாளிதழ்களின் வரி விளம்பரப் பகுதியில் ஞாயிறுதோறும் வருகின்றன. அவற்றில் பலவற்றில் ஒரு கைப்பேசி எண்ணைத் தவிர எதுவும் இருப்பதில்லை. முகவரின் உரிம எண் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தங்கள் நாளிதழ் முடிவெடுத்து, அந்த முடிவை அதே பகுதியின் தலைப்பில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.